கோழிக்கு இரண்டே கால்: ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் யாருக்கு எந்தத் துண்டு?

பெரியம்மாவுக்குக் கழுத்துதான் பிடிக்கும் என்பதை நாங்கள் இருபது ஆண்டுகளாக நம்பவில்லை. எட்டுப் பேருக்கு ஒரு கோழி என்று வளர்ந்தவர். நல்ல துண்டுகளைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, அதையே விருப்பம் என்று சொல்லிப் பழகிவிட்டார் என்று எங்களுக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தோம். அவருடைய எழுபதாவது பிறந்த நாளில் என் தங்கை சட்டியைத் துழாவி முழுத் தொடை ஒன்றை எடுத்து, பாசத்தோடு அவர் தட்டில் வைத்தாள். பெரியம்மா தட்டைப் பார்த்தார். “என் கழுத்தை யாருக்குப் போட்டாய்?” என்றார். அது அப்போது மருமகன் கையில் பாதி கடிபட்டு இருந்தது. அன்று முழுவதும் அவர் முகம் தெளியவில்லை.

அதிலிருந்து நான் யாருடைய நாக்கையும் ஊகிப்பதில்லை, கேட்டுவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் ஒன்பது பேர் சாப்பிட உட்காருவோம். கோழிக் கறி சமைப்பது எப்படி என்று டர்பனில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தத் துண்டு யாருக்கு, அதற்கு எந்தக் கோழியை வாங்குவது, எப்படி வெட்டுவது, எதை முதலில் சட்டியில் போடுவது என்பதில்தான் பாதி வீடுகள் சறுக்குகின்றன. ஒரே சட்டியில் தொடை பதமாகவும் நெஞ்சுக்கறி தக்கையாகவும் இருப்பதற்குக் குற்றவாளி மசாலா அல்ல.

படி 1: கடைக்குப் போகும் முன் ஆளை எண்ணுங்கள்

கோழிக்கு இரண்டே கால். இந்தக் கணக்கை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால், வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கும்போது ஒரு முழுக் கோழியோடு திரும்புவீர்கள். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்.

சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வகை. கால் கேட்கும் பிள்ளைகள் கறிக்காகக் கேட்பதில்லை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருப்பதால் கேட்கிறார்கள். இறக்கையின் மேல் துண்டு குட்டிக் கால் போலவே இருக்கும். ஆறு வயது வரை அதைக் கொடுத்துச் சமாளிக்கலாம்; ஏழு வயதுக்கு மேல் ஏமாற மாட்டார்கள். அடுத்து, நெஞ்சுக்கறிக்காரர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன், கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வந்த மாமா, எலும்பைக் கண்டாலே முகம் சுளிக்கும் சிலர். மூன்றாவது, எலும்பு உறிஞ்சுபவர்கள். கழுத்து, முதுகு, இறக்கை நுனி எல்லாம் இவர்களுக்கு. மேசையில் கடைசியாக எழுந்திருப்பவர்களும் இவர்களே. நான்காவது, “எதுவானாலும் சரி” என்பவர்கள். இவர்களை நம்பாதீர்கள். எதுவானாலும் சரி என்று சொன்ன என் அண்ணன், நெஞ்சுத் துண்டு விழுந்தால் அதைப் பிய்த்துக் குழம்பில் ஒளித்துவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் தின்பார்.

எங்கள் ஒன்பது பேருக்கு நான் வாங்குவது ஒன்றரைக் கிலோ முழுக் கோழி ஒன்றும், கால் மட்டும் உள்ள சிறு பொட்டலம் ஒன்றும். முழுக் கோழி எல்லாருடைய ஆசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் தரும். பொட்டலம் பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கும்.

படி 2: எந்தக் கோழி?

இங்கே மூன்று வழி உண்டு. உறைய வைத்த கலவைத் துண்டுப் பை, முழுக் கோழி, உயிரோடு விற்கும் கோழி.

இரண்டு கிலோ கலவைப் பைதான் மலிவு. ஆனால் அந்தப் பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். துண்டுகளுக்குள் ஊசி வழியே உப்புநீர் ஏற்றுகிறார்கள். ஒரு காலத்தில் அது 30 விழுக்காடு வரைக்கும் போனது. 2016இல் அரசு வரம்பு கட்டியது: துண்டுகளுக்கு 15 விழுக்காடு, முழுக் கோழிக்கு 10. வரம்பு முழுவதும் ஏற்றப்பட்டிருந்தால், இரண்டு கிலோ பையில் கால் கிலோவுக்குக் குறையாமல் உப்புநீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் சட்டியில் இறங்கும்போது கறி வதங்குவதற்குப் பதில் வேகத் தொடங்கிவிடும். ஆகவே பைக்கோழி என்றால் முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிட்டுத் துடையுங்கள். குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியோடு நிறுத்தி, கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் முழு உப்பும் போட்டு, நான்கு உருளைக்கிழங்கு கூடுதலாக வெட்டிப் போட்டும் தப்பிக்க முடியவில்லை.

கலவைப் பையில் இன்னொரு குறையும் உண்டு: என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். ஒரு கடையில் நான் வாங்கிய பையில் முதுகுத் துண்டு ஏழு, கால் ஒன்று. ஒற்றைக்கால் கோழிகளாகப் பார்த்து வளர்க்கிறார்கள் போலிருக்கிறது.

தொடையும் காலும் சேர்ந்த பெரிய துண்டுகள் மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறிப் பிரியர்கள். அவர்கள் ஒதுக்கும் கால்பகுதி கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. உள்ளூர்ப் பண்ணைகள் நசிந்துவிடும் என்று தென்னாப்பிரிக்கா 2000இல் அதன்மீது தடுப்பு வரி போட்டது. 2015இல் பாரிஸில் உட்கார்ந்து பேசி, ஆண்டுக்கு 65,000 டன் வரை அந்த வரி இல்லாமல் வரலாம் என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா அப்போது தந்துவந்த ஏற்றுமதிச் சலுகையை இழக்கும் அபாயம் இருந்தது. ஒரு நாட்டின் நாக்கு வேண்டாம் என்றதற்காக இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசியிருக்கின்றன. எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் எம்மாத்திரம்!

உயிர்க்கோழிக்குத் தனியாக வருகிறேன், அது வேறு சாதி.

படி 3: வெட்டுவது

கசாப்புக் கடையில் கொடுத்தால் மின்வாளில் தள்ளி நிமிடத்தில் வெட்டித் தந்துவிடுவார்கள். வாள் மூட்டைப் பார்க்காது. எலும்பை ஊடறுத்துப் போகும். எலும்புத்தூள் கறியெங்கும் ஒட்டும், சிராய்கள் குழம்பில் மிதக்கும். “மூட்டில் வெட்டிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை. நீங்களே வெட்டுவது இன்னும் நல்லது. பத்து நிமிட வேலை.

கோழியை மல்லாக்க வையுங்கள். காலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தோலைக் கீறி, காலைப் பிடித்து வெளிப்பக்கமாக மடக்குங்கள். பந்து போன்ற எலும்புமுனை பொட்டென்று குழியிலிருந்து வெளியே வரும். அந்த இடத்தில் கத்தியை விட்டால் எலும்பே குறுக்கிடாது. இங்கே அவசரப்படாதீர்கள். முதுகில், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இருபுறமும் நாணயம் அளவு ஒவ்வொரு சதை ஒரு குழிக்குள் பதுங்கியிருக்கும். கோழி முழுவதிலும் அதைவிட ருசியான இடம் இல்லை என்பது என் தீர்ப்பு. கத்தியை முதுகெலும்போடு உரசி ஓட்டினால் அது தொடையோடு வந்துவிடும். விலகி வெட்டினால் முதுகில் தங்கிவிடும். வெட்டுகிறவருக்கு மட்டுமே தெரிந்த இந்தச் சதை யார் தட்டில் விழ வேண்டும் என்பதை வெட்டுகிறவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் முதுகில் விட்டுவிடுவேன். முதுகை நான்தான் தின்பேன்.

காலையும் தொடையையும் பிரிக்க, துண்டைத் தோல் கீழே இருக்குமாறு திருப்பிப் போடுங்கள். மூட்டுக்கு நேரே மெல்லிய கொழுப்புக் கோடு ஒன்று வெள்ளையாகத் தெரியும். கத்தியை அந்தக் கோட்டின் மேலேயே அழுத்துங்கள், வெண்ணெய் போல இறங்கும். தொடையைக் குழம்புக்கு இரண்டாக வெட்டுவதானால் கனத்த கத்தியால் ஒரே போடு. தயங்கித் தயங்கி மூன்று முறை போட்டால் எலும்பு சிதறும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் நான் தொடையை வெட்டுவதே இல்லை.

இறக்கையை இழுத்துப் பிடித்து மூட்டைத் தடவி எடுங்கள். மேல் துண்டு, நடுத் துண்டு, நுனி. முதுகை விலாவோரமாகக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பிரித்து மூன்றாக்குங்கள். நெஞ்சை நடுவே பிளந்து, ஒவ்வொரு பாதியையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் போதும். எலும்பைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலானவர்கள் நெஞ்சைச் சின்னச் சின்னதாக நறுக்குகிறார்கள், மசாலா உள்ளே ஏறும் என்று. மசாலா ஏறுவதற்குள் ஈரம் வெளியேறிவிடும். நெஞ்சுத் துண்டு தொடைத் துண்டைவிடப் பெரியதாகவே இருக்கட்டும்.

ஒரு கோழியில் எனக்கு வருவது: கால் 2, தொடை 4, இறக்கை 4, நெஞ்சு 4, முதுகு 3, கழுத்து 1. இறக்கை நுனிகள் சூப்புக்கு.

மஞ்சள் போட்டுக் கழுவுவது நம் வழக்கம். குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமி கலந்த நீர் நாலாபுறமும் தெறிக்கும். கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் பாத்திரத்தில் நீர் நிரப்பி அலசிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

படி 4: சட்டியில் இறக்கும் வரிசை

கோழி நாள் முழுவதும் நிற்கிறது, நடக்கிறது, கிளறுகிறது. ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் கால், தொடைச் சதையில் நிறைய. அதனால் அங்கே நிறம் கறுத்திருக்கும், கொழுப்பும் இணைப்புத் தசைநாரும் கூடுதல். அந்த நார் மெதுவாக இளகிக் கூழாக மாறும்போதுதான் தொடைக்கு அந்த வழுவழுப்பு வருகிறது. அதற்கு 80 பாகை செல்சியஸுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நெஞ்சுச் சதை எப்போதாவது இறக்கையடிக்க மட்டும் பயன்படுவது. அதில் நாரும் குறைவு, கொழுப்பும் குறைவு. உள்ளே 74 பாகை வந்துவிட்டால் எந்தத் துண்டும் சாப்பிடப் பாதுகாப்பானது. நெஞ்சுக்கறி அதற்கு மேல் போகப் போக நீரைப் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்கினால் ஒன்று வீணாகத்தான் செய்யும்.

எண்ணெயில் பட்டை, சோம்பு, வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு, பிறகு மூன்று கரண்டி மசாலாத் தூள். விக்டோரியா தெருச் சந்தையில் மாமியாரின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தும் காரத் தூள் விற்கிறார்களே, அது வேண்டாம். அந்தக் காரத்தில் தொடையும் நெஞ்சும் ஒன்றுதான். மசாலா அடிப்பிடிக்கும் முன் முதுகும் கழுத்தும் இறங்கட்டும். இவை சாப்பிடுவதற்கு மட்டுமல்ல, குழம்புக்குச் சாறு தருவதே இவைதான். பத்து நிமிடம் கழித்துத் தொடை, கால், தக்காளி. இன்னும் பத்து நிமிடத்தில் உருளைக்கிழங்கு பெரிய துண்டுகளாக, சுடுநீரோடு. உருளைக்கிழங்கு அரைவேக்காடு ஆகும்போது இறக்கையும் நெஞ்சும். அதன்பின் பதினைந்து நிமிடம், மூடி போட்டு, சிறு தீயில். கொத்தமல்லி தூவி இறக்கிக் கால் மணி நேரம் தொடாதீர்கள்.

நெஞ்சுக்கறி கடைசியாகப் போனால் மசாலா ஏறாதே என்று கேட்பீர்கள். அதற்கென்று கொஞ்சம் மசாலாவும் உப்பும் தயிரும் தடவிக் காலையிலேயே வைத்துவிடுங்கள்.

எலும்பையொட்டிக் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் வேகவில்லை என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளுவார்கள். பண்ணைக்கோழி ஐந்து வாரத்தை ஒட்டிய குஞ்சு. எலும்பு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். உறைய வைக்கும்போது மஜ்ஜையின் நிறம் கசிந்து சதையில் படியும். சதை எலும்பைவிட்டு எளிதாகக் கழன்று, சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சந்தேகம் தீராதவர்களுக்குச் சமையல் வெப்பமானி இருக்கிறது.

ஈரல் கடைசி ஆறு நிமிடத்தில். இரைப்பைக்கு அது பற்றாது. தனியே முக்கால் மணி நேரம் வேக வைத்துவிட்டுச் சேருங்கள். என்னோடு வேலை பார்த்த ஜூலு அம்மையார் ஒருவர், தன் வீட்டில் இரைப்பை அப்பாவுக்கு மட்டுமே, கேட்பவர் யாராக இருந்தாலும் தரமாட்டோம் என்றார். எங்கள் வீட்டில் அது யார் முதலில் அடுப்படிக்கு வருகிறாரோ அவருக்கு.

வேறு சாதிக் கோழி

ஹார்ட்பாடி என்று இங்கே எல்லாரும் சொல்லும் கோழி, முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுப் பெட்டை. கோசா மொழியில் உம்லெக்வா என்பது முற்றத்தில் மேயும் ஊர்க்கோழியை. துரத்திப் பிடிக்கப்பட்டது என்று பொருள். ஒருமுறை துரத்திப் பார்த்தால் பெயரின் நியாயம் புரியும். இவை இரண்டிலும் மேலே சொன்ன சட்டம் எதுவும் செல்லாது. தொடை, நெஞ்சு என்ற பேதமே இல்லை, எல்லாமே கடினம். சாதாரணச் சட்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டும் ஆகலாம். குக்கரில் நாற்பது நிமிடம். எல்லாத் துண்டையும் ஒன்றாகவே போடலாம், சிறிதாகவே வெட்டலாம். காலைத் தேடிச் சண்டை போடவும் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் இந்தக் கோழியில் மதிப்பு சதைக்கு அல்ல, குழம்புக்கு.

பெட்டையை அறுக்கும்போது வயிற்றுக்குள் பாருங்கள். இடப்படாத முட்டைகள் சரம்சரமாக இருக்கும். கோலிக்குண்டு அளவில் ஒன்று, பட்டாணி அளவில் சில, கடுகு அளவில் பல. ஓடில்லாத வெறும் மஞ்சள். உடையாமல் எடுத்து, குழம்பு கொதித்து அடங்கும் நேரத்தில் மெல்ல இறக்கினால் கெட்டியாகித் திரண்டு நிற்கும். எங்கள் ஆயா அதைத் தட்டுகளில் எண்ணிப் போடுவார். பெரியது யாருக்கு என்பது அந்த வாரம் யார் பேச்சைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்கோழி தின்று வளர்ந்த என் மகள் முதன்முறை அதைப் பார்த்துவிட்டு அழுதாள். இரண்டாவது முறை பெரியது கேட்டாள்.

ஆடி மாதத்துக் கூழ் வார்ப்பிலும் முனீஸ்வரன் பூசையிலும் படைக்கும் சேவலுக்கு விருப்பம் என்ற பேச்சே கிடையாது. ஆண்கள் வெளி அடுப்பில் சமைப்பார்கள், விரல் அளவுக்கு நறுக்கிவிடுவார்கள். கரண்டியில் வருவதுதான் பிரசாதம். சின்ன வயதில் எனக்கு அங்கே தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கழுத்து விழுந்தது. பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளத் தெரிந்த பிறகு கவலை தீர்ந்தது.

தீயில் சுடுவதும் பிரியாணியும்

பிராய் என்று இங்கே சொல்லும் தணல் சுடலுக்குத் தொடையும் இறக்கையும், அவ்வளவுதான். தோல் கீழே இருக்குமாறு வைத்து, தணலின் ஓரத்தில் பொறுமையாக. நெஞ்சை வைக்கத்தான் வேண்டும் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் கொண்டுவாருங்கள். செப்டம்பர் 24 மரபு நாள். நாடே பிராய் நாள் என்று அதைக் கொண்டாடித் தெருவெல்லாம் புகை போடுகிறது. அது புரட்டாசிக்குள் வந்து விழுவது நம் தலையெழுத்து. அன்று பக்கத்து வீட்டுத் தொடை வாசனையை முகர்ந்துகொண்டு மக்காச்சோளம் சுடுபவர்களுக்கு என் அனுதாபங்கள். நானும் அந்த வரிசைதான்.

நம் டர்பன் பிரியாணிக்கு, மசூர்ப் பருப்பு போடும் அந்த வகைக்கு, கால்பகுதியை இரண்டாக மட்டும் வெட்டிப் புளித்த பாலிலும் மசாலாவிலும் ஊற வைத்தது போதும். தம்மில் நீண்ட நேரம் நிற்பதால் நெஞ்சைச் சேர்க்காதீர்கள். நெஞ்சுக்கறிக்காரர்களுக்கு அன்று மட்டும் பருப்பும் உருளைக்கிழங்கும்.

படி 5: பரிமாறுவது

இத்தனையும் செய்துவிட்டுச் சட்டியை நடுவில் வைத்துவிட்டால் முதலில் கை நீட்டுபவர் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். சமைத்தவர் பரிமாற வேண்டும். முதலில் பிள்ளைகளுக்குக் கால். பிறகு நெஞ்சுத் துண்டுகள், மேலாக இருக்கும்போதே, உடையும் முன். பிறகு தொடை. எலும்பு உறிஞ்சுபவர்களுக்கு ஒரு வெறும் கிண்ணமும் கொடுங்கள். இல்லாவிட்டால் எலும்பு மேசை விரிப்பில் குவியும். விருந்தாளிக்குத் தொடை என்பது பழைய மரியாதை. நான் அதைக் கைவிட்டுவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறேன். முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டாம் முறை வரும்போது நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமைக்கு மிஞ்சிய குழம்பில் எலும்பைக் களைந்து, கால்வாசி ரொட்டியைக் குடைந்து ஊற்றிக்கொள்ளலாம். கடைகளில் பன்னி சௌ என்று விற்கும் இந்தக் குடைந்த ரொட்டிக்குள் எலும்போடு வருவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் வேலைக்குப் போகும் சட்டையோடு அதைத் தின்ன முடியாது.

கழுத்தை மட்டும் சட்டி இறக்கியவுடனே தனிக் கிண்ணத்தில் எடுத்து, குழம்பு ஊற்றி, மூடி, அடுப்பின் பின்பக்கம் தள்ளிவையுங்கள். பெரியம்மா கோயிலிலிருந்து வர இரண்டு மணியாகும், மருமகன் பன்னிரண்டுக்கே வந்துவிடுவார்.